மூன்று மாதம் சும்மா இருக்கிறோம், அப்புறம் என்ன குறை?

கேள்வி, ஜூலை 12

கல்யாணத் தொழிலில் இருப்பவர்களுக்கு வீட்டைக் கவனிக்க நேரமே இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் நமக்கு வேலை கிடையாது. எந்த ஆபீஸில் வருஷத்துக்கு 90 நாள் லீவு கொடுக்கிறார்கள்? முகூர்த்த மாதத்தில் ஓடி ஓடிச் சம்பாதித்துவிட்டு, ஆடியில் வீட்டோடு இருந்தால் கணக்கு நேராகிவிடாதா? நான் பாளையங்கோட்டையில் கல்யாண போட்டோகிராபர். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் தினமும் இதே பேச்சு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 12, இரவு

கணக்கு நேராகாது தம்பி. நான் 31 வருஷமாகக் கல்யாணச் சமையலில் இருக்கிறேன். அப்பா திருநெல்வேலி டவுனில் தவசிப்பிள்ளை, அதாவது கல்யாணச் சமையல்காரர். அவருக்கு எடுபிடியாக அடுப்படிக்குள் நுழைந்தபோது எனக்கு 19 வயது. நீங்கள் எழுதியிருக்கும் இதே கணக்கை என் வீட்டுக்காரியிடம் குறைந்தது பத்து வருஷம் சொல்லியிருப்பேன்.

முதலில் அந்த 90 நாளை எண்ணிப் பாருங்கள். ஆடியில் நீங்கள் மண்டபத்துக்குப் போவதில்லை, சரி. வைகாசியிலும் ஆனியிலும் எடுத்த கல்யாணங்களுக்கு ஆல்பம் எப்போது போடுகிறீர்கள்? வீடியோ எடிட்டிங் எப்போது? உடம்பு வீட்டில் இருக்கும், கண் கம்ப்யூட்டரில் இருக்கும். அதோடு பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு ஆடியில் கல்யாணம் இல்லை என்கிறீர்கள். சர்ச் கல்யாணம் தவக்காலத்தைத்தான் பார்க்கும், ஆடியைப் பார்க்காது. மேலப்பாளையத்து முஸ்லிம் கல்யாணங்கள் நோன்பு மாதத்தைப் பார்க்கும். மூன்று வகைக் கல்யாணத்துக்கும் போகிற ஆளுக்கு மூன்று பேருடைய சீசனும் வந்து சேரும். மூன்று பேருடைய ஓய்வு மட்டும் ஒரே மாதத்தில் வராது.

எல்லாவற்றையும் விடப் பெரிய விஷயம் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு லீவு மே மாதம். அது சித்திரையும் வைகாசியும், நமக்கு மூச்சுவிட நேரம் இல்லாத காலம். நமக்கு ஓய்வு வருகிற ஆடியில் பிள்ளைகள் எட்டரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது நான் வீட்டில் சும்மா இருப்பேன், மகள் வகுப்பில் இருப்பாள். என் லீவும் அவள் லீவும் ஒரு தடவைகூடச் சேர்ந்து வந்ததில்லை.

ஜூலை 13

இன்றைக்கு ஞாயிறு, வேலை இல்லை, அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஏன் இத்தனை கல்யாணம் என்று யோசித்திருக்கிறீர்களா? எல்லோருக்கும் லீவு என்பது பாதிக் காரணம்தான். மீதி பஞ்சாங்கம். ஞாயிறு ராகு காலம் சாயங்காலம் 4.30க்கு, எமகண்டம் மத்தியானம் 12க்கு. காலை முழுவதும் சுத்தமாகக் கிடக்கும். திங்கள்கிழமையானால் 7.30க்கு ராகு காலம், 10.30க்கு எமகண்டம், இடையில் ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். வெள்ளி என்றால் 10.30க்கு ராகு. ஆகவே ஜோசியரும் ஞாயிறு என்பார், ஆபீஸ் போகிறவரும் ஞாயிறு என்பார். ஊர் ஓய்வெடுக்கும் நாள்தான் நமக்கு வேலை நாள், அது என்றைக்கும் மாறாது. அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போக வேண்டும் என்றால் நான் புதன்கிழமை போக வேண்டும். புதன்கிழமை அக்கா வீட்டில் யார் இருப்பார்கள்?

சமையல்காரனுக்கு ஒரு கல்யாணம் எவ்வளவு நேரம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை நாலு மணிக்குச் சாமான் இறங்கும். லிஸ்ட் சரிபார்த்து, பாத்திரம் கழுவி, ராத்திரி மாப்பிள்ளை அழைப்புச் சாப்பாடு. ஒன்பதரைக்குக் காய் நறுக்க உட்கார்ந்தால் தடியங்காய், சிறுகிழங்கு, அவியல் காய் எல்லாம் முடிய நடுராத்திரி தாண்டும். ஒன்றரைக்கு அடுப்பு மூட்ட வேண்டும். ஐந்தரைக்குக் காபி, ஆறரைக்கு டிபன் பந்தி, பத்தரைக்குச் சாப்பாட்டு இலை. கடைசிப் பந்தி எழும்ப இரண்டரை. அப்புறம் வாடகைப் பாத்திரம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். அதோடு முடிந்தது என்றால் பரவாயில்லை. நம் ஊரில் மறுநாள் மறுவீட்டு விருந்துக்குச் சொதி, தேங்காய்ப்பால் குழம்பு. திங்கள் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கை கழுவுவோம்.

சனி நாலு மணியில் இருந்து திங்கள் மூன்று மணி வரை 47 மணி நேரம். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று சொல்கிறது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் ஆவது எங்களுக்கு ஒரே இருப்பில் ஆகிவிடுகிறது. நடுவில் கொஞ்சம் கண் அசருவோம், அரிசி மூட்டைமேல் தலைவைத்து. அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது.

ஜூலை 15

அந்த 47 மணி நேரம் என்ன செய்யும் என்று சொல்கிறேன். இதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

2016 ஆவணி. ஞாயிறு டவுனில் கல்யாணம், திங்கள் வீரவநல்லூரில் மறுவீட்டுச் சொதி, இருநூறு இலை. அதற்கு முந்திய வெள்ளியும் ஒரு கல்யாணம். நூறு தேங்காய் துருவி மூன்று பாலும் எடுத்து வைத்திருந்தோம். சொதி வைக்கிறவர்களுக்குத் தெரியும், காய் மூன்றாம் பாலில் வேகும், வெந்த சிறுபருப்பும் இஞ்சி, பச்சைமிளகாய்ச் சாறும் இரண்டாம் பாலும் சேர்ந்து கொதிக்கும், முதல் பால் கடைசியில்தான். முதல் பால் விட்டபிறகு கொதிக்கக் கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவில் லேசாக அசையும், அப்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சம்பழம் பிழிவது அதற்கும் பிறகு.

முதல் பாலை விட்டேன். கரண்டி கையில் இருந்தது. நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கரண்டிக் காம்பு நெற்றியில் இடித்துக் கண் திறந்தபோது, உருளியில் தண்ணீர் தனியாகவும் வெள்ளைத் துகள் தனியாகவும் சுற்றிக்கொண்டிருந்தது. நூறு தேங்காய்ப் பாலும் திரிந்துபோயிற்று. பக்கத்தில் இருந்த பையன் என் முகத்தைப் பார்த்தான், உருளியைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் இருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தான்.

வீரவநல்லூரில் கடை கடையாகத் தேங்காய் வாங்கி, மறுபடி துருவி, மறுபடி வைத்து, இலை போட மத்தியானம் இரண்டரை ஆகிவிட்டது. பெண்ணின் அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பந்தி வீட்டார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கூலி வாங்கவில்லை, அவர் கொடுக்க வந்தபோதும் வாங்கவில்லை. கூட இருந்தவர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். கண் மூடிவிட்டது என்பதுதான் நடந்தது.

தம்பி, மனைவி கோபப்படுகிறாள் என்பதற்காக மட்டும் இதை யோசிக்காதீர்கள். தொழில்தான் முதலில் அடி வாங்கும். கை நடுங்கி நீங்கள் தாலி கட்டும் நிமிஷத்தைத் தவறவிட்டால் அந்த நிமிஷத்தைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை. தேங்காயாவது வீரவநல்லூரில் கிடைத்தது.

ஜூலை 19

தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, கேமராவுக்கு மாசத் தவணை கட்டணும். வந்த வேலையை வேண்டாம்னு சொன்னா அடுத்த சீசன்ல யாரு கூப்பிடுவா?"

நியாயமான பயம். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. அது யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. எதிரில் வெற்றிலைத் தட்டோடு ஒரு தகப்பனார் உட்கார்ந்திருக்கும்போது, அன்றைக்கு என் மகளோடு இருக்கப் போகிறேன் என்று வாய் வராது. ஆனால் "அந்தத் தேதி ஏற்கெனவே ஒத்துக்கொண்டாயிற்று" என்று சொல்ல வாய் வரும். தினமும் சொல்கிறோம். கேட்பவரும் வருத்தப்படுவதில்லை, அடுத்த மாஸ்டரைப் பார்க்கப் போவார். வித்தியாசம் எல்லாம் டைரியில் யார் முதலில் எழுதினார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் வீட்டுக்காரி. சொதி திரிந்த அந்த வருஷம், ஆவணி கடைசி. கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு எலுமிச்சம்பழம், 101 ரூபாய் வைத்து எனக்கு எதிரில் கொண்டுவந்து வைத்தாள். "ஐப்பசித் திருக்கல்யாணத்தன்னைக்கு ஒரு வேலை இருக்கு. மாஸ்டரு ஒத்துக்கிடணும்" என்றாள்.

நெல்லையப்பர் கோயில் ஐப்பசித் திருக்கல்யாணம் டவுன்காரர்களுக்கு எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. காந்திமதி அம்மன் தவத்துக்குப் போய், சுவாமி வந்து காட்சி கொடுத்து, அப்புறம் கல்யாணம். எங்கள் வீட்டில் இருந்து நடந்து போகிற தூரம். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவள் ஒவ்வொரு தடவையும் மாமியாரோடோ தனியாகவோதான் போயிருக்கிறாள். ஐப்பசி பிறந்துவிட்டால் நான் ஏதோ ஒரு ஊரில் யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்கு அவியல் கிண்டிக்கொண்டிருப்பேன்.

தட்டை எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கிவிட்டால் அது வாக்கு. டைரியில் தேதி எழுதி, பக்கத்தில் அவள் பெயர் எழுதி, முன்பணம் 101 என்று போட்டேன். அந்தத் தேதிக்கு அப்புறம் இரண்டு பேர் வந்தார்கள். வேலை இருக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை.

அதில் இருந்து சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் முதலில் அவள் கையில் கொடுத்துவிடுவேன். வருஷத்தில் நாலு நாள் குறித்துக் கொடுப்பாள். நாலும் முகூர்த்த நாள், வேண்டும் என்றே. ஆடிச் செவ்வாயில் வீட்டில் இருப்பது எனக்குச் செலவில்லாத காரியம், அது அவளுக்கும் தெரியும். முகூர்த்த நாளில் இருந்தால்தான் கொடுத்தது மாதிரி.

நாலு நாள் போதுமா என்றால் போதாது. ஒன்றுமே இல்லாததற்கு நாலு.

ஜூலை 24

இன்று ஆடி அமாவாசை. பாபநாசம் போய் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். படித்துறையில் எங்கள் குழுவில் காய் நறுக்கும் அக்கா ஒருவரைப் பார்த்தேன். நான் இங்கே எழுதுவதை அவர் மகன் படித்துக் காட்டியிருக்கிறான். "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கிய அண்ணாச்சி. உங்களுக்கு ஆடின்னா ஓய்வு. எங்களுக்கு ஆடின்னா கடன்லா" என்றார்.

வண்டியில் வரும்போது முழுக்க அதுதான் மனதில். அவர் சொன்னது சரி, நான் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தம் எடுக்கிறவன் டைரியில் நாலு நாளை அடித்துவிடலாம். அந்த நாலு நாளும் என்னை நம்பி இருக்கும் 14 பேருக்கு வேலை போகிறது. நான் வீட்டில் இருப்பதற்கு அவர்கள் கூலி கொடுக்கிறார்கள்.

ஆடி எப்படிக் கடனாகிறது என்றால், ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து பீஸ், நோட்டு, யூனிபார்ம். ஆனிக் கூலி அதில் போய்விடும். ஆடியில் வேலை இல்லை. கடை வீட்டில் பற்று, அப்புறம் வாரத் தவணைக்காரரிடம். ஆவணி பிறந்ததும் அந்தக் கடனை அடைக்க ஒரு வேலை விடாமல் போக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போக வேண்டும். அதனால் ஆவணியில் ஓய்வு வேண்டாம் என்று சொல்லும் அக்காவுக்கு ஓய்வு பிடிக்காமல் இல்லை, அவர் ஓய்வை ஆடியிலேயே அடகு வைத்துவிட்டார். மேளக்காரர்களுக்காவது ஆடியில் கோயில் கொடைத் திருவிழா வரும். காய் நறுக்குபவர்களுக்கும் பாத்திரம் கழுவுபவர்களுக்கும் இலை எடுப்பவர்களுக்கும் அதுவும் இல்லை.

இதற்கு நான் என்ன செய்கிறேன் என்று நேர்மையாகச் சொன்னால், போதுமான அளவு செய்யவில்லை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வேலையிலும் என் பங்கில் கொஞ்சம் எடுத்து வைத்து ஆடி முதல் தேதி எல்லோருக்கும் கொடுக்கிறேன், திரும்பக் கேட்பதில்லை. அரிசி, பருப்புக்குக் காணும். பீஸுக்குக் காணாது. நான் ஒத்துக்கொள்ளாத நாலு நாளில் அவர்களை வேறு மாஸ்டரிடம் அனுப்புவதை இந்த வருஷத்தில் இருந்துதான் ஆரம்பித்திருக்கிறேன். முன்பு அது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தேன். என் ஆட்கள் இன்னொருவர் அடுப்பில் நிற்பதாவது என்று. அது தப்பு. இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

ஜூலை 25

திருத்தம். என் லீவும் மகள் லீவும் ஒரு தடவைகூடச் சேர்ந்து வந்ததில்லை என்று 12ஆம் தேதி எழுதியிருந்தேன். மகள் படித்துவிட்டு நேற்று ராத்திரி போன் பண்ணினாள். இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். "அப்பா, காலாண்டு லீவு புரட்டாசியிலதான் வரும். அரையாண்டு லீவு மார்கழியிலதான் வரும். அப்பல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். புரட்டாசியில் கோயில் அன்னதானம். 2018இல் தாமிரபரணி புஷ்கரம் என்ற ஆற்று நீராட்டு விழா, அக்டோபர் 11இல் இருந்து 23 வரை. ஆற்றங்கரையில் அன்னதானத்துக்குக் கூப்பிட்டார்கள், புரட்டாசிக் கடைசி வாரத்திலேயே போய்விட்டேன், ஐப்பசி வேலைகளுக்கும் அங்கிருந்தே ஓடினேன். மார்கழியில் ஐயப்ப சாமிமார் பூஜைச் சாப்பாடு. சும்மா இருக்கும் நாளில் யாராவது கூப்பிட்டால் மறுக்கத் தெரியாது. காலியாக இருக்கும் பக்கத்தைப் பார்த்தால் பயமாக இருக்கும்.

2023 மார்கழி மட்டும் வேறு. மார்கழி பிறந்த அன்றைக்கு, டிசம்பர் 17, மழை ஆரம்பித்து மறுநாளெல்லாம் வெள்ளம். சிந்துபூந்துறையில் பாத்திரம் போட்டிருந்த அறைக்குள் தண்ணீர். வடிந்தபிறகு அண்டா, உருளி எல்லாம் சேற்றுக்குள் கிடந்தன. நான் யாரையும் கூப்பிடவில்லை. குழுவில் ஒன்பது பேர் அவர்களாகவே வந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. ஐந்து நாள் சேறு கழுவினார்கள், கூலி என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நேற்று அக்கா சொன்னதோடு இதுவும் சேர்ந்து ஞாபகம் வருகிறது. ஆடிப் பணத்தை அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் கொடுக்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக மகள் சொன்னது சரி. பஞ்சாங்கம் எனக்குக் கொடுத்த நாளையும் நானேதான் விற்றிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

தூக்கத்தைப் பற்றி இன்னும் ஒன்று, இது உயிர்க் காரியம்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருக்கும் ஆளின் நிதானம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருக்கும் ஆளின் நிதானம் மாதிரி ஆகிவிடும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 0.03. கல்யாணம் முடிந்து பைக்கை எடுக்கும்போது நாம் எத்தனை மணி நேரம் விழித்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சொட்டுக் குடிக்காமலே குடித்த நிதானத்தில் ஓட்டுகிறோம்.

எனக்கு நடந்தது சேரன்மகாதேவி ரோட்டில், வாய்க்கால் ஓரம். கண் சொக்கியது தெரியவில்லை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி மண்ணில் உரசிய சத்தத்தில் முழித்தேன். முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. எனக்குத் தெரிந்த தவில்காரர் ஒருவருக்கு அப்படிப் போகவில்லை. இடது கை மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்து இப்போது வாசிக்கிறார், முன்பு மாதிரி இல்லை என்று அவரே சொல்கிறார்.

அதற்கப்புறம் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் வேலை என்றால் திரும்பி வருவது செங்கோட்டை லைன் ரயிலில்தான். டவுன் ஸ்டேஷனிலேயே இறங்கிவிடலாம். தூங்கித் தாண்டிப் போனால் ஜங்ஷன், அங்கிருந்து பஸ், உயிருக்கு ஆபத்து இல்லை. ரயில் காருகுறிச்சியில் நிற்கும்போது அப்பா ஞாபகம் வரும். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் மேளம் வைத்த கல்யாணங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் பந்தியில் உட்கார ஆள் வராது, சோறு ஆறிப்போகும், சமையல்காரர்களும் கரண்டியோடு மண்டபத்து வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பார். அருணாசலம் 1921இல் பிறந்து 1964இல் போய்விட்டார். இன்னும் எத்தனை வாசித்திருக்க வேண்டிய ஆள்.

கல்யாண வீட்டார் யாராவது இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். சமையல்காரருக்கும் போட்டோகாரருக்கும் மேளத்துக்கும் மண்டபத்தில் ஒரு அறை ஒதுக்குங்கள். பாயும் மின்விசிறியும் போதும். பணத்தில் கூட்டிக் கொடுப்பதை விட அது பெரிய உதவி.

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்தாயிற்று. பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வர முடியாது.

ஆகஸ்ட் 30

மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். முகூர்த்தம் 4.30இல் இருந்து 6 என்றால் அவர் ராத்திரி ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை. எங்களுக்கெல்லாம் டைரியில் நாலு நாள் எழுதினால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

ஆகாது. நான் எழுதியதெல்லாம் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில் எழுதியது. 31 வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் "பிள்ளையை யார் பார்த்துக்கிடுதா?" என்று கேட்டதில்லை. அந்தத் தங்கச்சியை மண்டபத்துக்கு மண்டபம் கேட்பார்கள்.

என் அக்கா மகளும் இதே தொழில்தான். அவள் செய்வதைச் சொல்கிறேன், உதவினால் சரி. இன்னொரு பெண்ணோடு ஜோடி சேர்ந்துகொண்டாள். விடியற்காலை முகூர்த்தம் மாற்றி மாற்றி எடுப்பது, ஒருத்தி போகும் ராத்திரி இரண்டு குழந்தைகளும் மற்றவள் வீட்டில் தூங்கும். வருமானம் குறைந்தது. ஆரம்பத்தில் சண்டையும் வந்தது, நல்ல வீட்டு வேலை எல்லாம் உனக்கே போகிறது என்று. இப்போது பணத்தை ஒரே பையில் போட்டுப் பாதியாக்கிக்கொள்கிறார்கள். சண்டை நின்றது. விடியற்காலைக்குக் கூடுதல் பணம் என்று வாய் திறந்து கேட்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டு பேராகப் போய்க் கேட்டால் கூச்சம் இல்லை என்கிறாள்.

செப்டம்பர் 14

இரண்டாம் கை வேண்டும் என்று எழுத நினைத்து விட்டுப்போனது.

அப்பா சொதியை யாருக்கும் விடமாட்டார். உப்பு பார்க்கக்கூட இன்னொருவரை விடமாட்டார். அது கைப்பக்குவம் என்பார். நானும் அப்படித்தான் இருந்தேன், திரிந்துபோன அன்றைக்கும் சேர்த்து. அன்றைக்கு விறகை இழுத்துப் போட்டானே, அந்தப் பையனுக்குத்தான் அப்புறம் சொல்லிக்கொடுத்தேன். இப்போது என்னை விட நன்றாக வைக்கிறான். வேலை பேசும்போதே சொல்லிவிடுவேன், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு நான் நிற்பேன், மறுநாள் சொதிக்கு அவன் நிற்பான் என்று. "நீங்க நேர்ல நிக்கணும் அண்ணாச்சி, இல்லைன்னா வேண்டாம்" என்று போனவர்கள் உண்டு. போகட்டும். திங்கள்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கின்றன. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்குப் படுத்தால் திங்கள் காலை வெயில் முகத்தில் அடித்தால்தான் எழும்புகிறேன்.

போட்டோகிராபர் தம்பிக்கும் இதையே சொல்வேன். வரவேற்புக்கு நீங்கள் நின்றால் ஊஞ்சலுக்கும் நலங்குக்கும் நம்பிக்கையான ஒருவரை நிறுத்துங்கள். ஆல்பத்தை வெளியில் கொடுத்துச் செய்யுங்கள். ஆடியாவது ஆடியாக இருக்கட்டும்.

செப்டம்பர் 21

ஜூலை 19இல் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

வருஷத்துக்கு நாலு நாள் என்று எழுதினேன். போன வருஷம் மூன்றுதான். ஐப்பசித் திருக்கல்யாண நாளையே உடைத்தேன். தூரத்துச் சொந்தம், ஒத்துக்கொண்ட மாஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் உடம்பு முடியாமல் போய்விட்டது, பெண்ணின் அம்மா எங்கள் வீட்டு வாசல் படியில் உட்கார்ந்து அழுதார். போனேன். வீட்டுக்காரி தடுக்கவில்லை, "போயிட்டு வாங்க" என்றுதான் சொன்னாள். அவள் தனியாகத் திருக்கல்யாணம் பார்த்துவிட்டுப் பிரசாதத்தை எனக்கு எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாள் 101 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "வேலை பாக்கி இருக்கு" என்றாள்.

அன்றைக்குப் போனது தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மூன்று நாள் முன்னால் வந்த ஒரு வேலையையும், வருஷம் முழுக்கக் காத்திருந்த ஒருத்தியையும் ஒரே தராசில் வைத்து, சத்தம் போடாதவளின் தட்டை ஏற்றிவிட்டேன் என்பது தெரிகிறது.

அக்டோபர் 2

தம்பி எழுதியிருக்கிறார். ஆவணியில் ஒரு முகூர்த்த நாளை விட்டுவிட்டு மனைவியோடு வள்ளியூரில் மாமியார் வீட்டுக்குப் போனாராம். போன் நாலு தடவை வந்ததாம், எடுக்கவில்லையாம். "முதல் அரை நாள் கை அரிச்சுது அண்ணாச்சி. சாயங்காலம் ஆனப்பொறவு சரியாப் போச்சு." சந்தோஷம். அரிக்கத்தான் செய்யும். எனக்கு முதல் வருஷம் திருக்கல்யாணக் கூட்டத்தில் நின்றபோது, பிரசாதம் எத்தனை படி அரிசியில் கிண்டியிருப்பார்கள் என்றுதான் மனசு கணக்குப் போட்டது.

காலாண்டு லீவுக்கு மகளும் வந்திருக்கிறாள், கல்லூரியில் அதற்கு வேறு பெயர் சொல்கிறாள். புரட்டாசிச் சனிக்கு அன்னதானம் கேட்டு இரண்டு கோயிலில் இருந்து வந்தார்கள். சொதி வைக்கும் பையனை அனுப்பிவிட்டேன், குழுவும் அவனோடு போகிறது.

நேற்று ஒரு பெரிய வீட்டு வேலை வந்தது. ஐப்பசியில், ஆயிரத்து இருநூறு இலை, மூன்று வேளையும். தேதியைக் கேட்டதும் டைரியைப் புரட்டினேன். வந்தவர் நல்ல மனிதர், அப்பா காலத்தில் இருந்து பழக்கம். "எதும் ஒத்துக்கிட்டீங்களா?" என்றார்.

"போன வருஷத்து அட்வான்ஸ் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன். சரி என்று பக்கத்துத் தெரு மாஸ்டர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார். உள்ளே அடுப்படியில் பாத்திரச் சத்தம் ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் மறுபடி கேட்டது.